பனிமலையில் வசந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி கொட்டும் மலையில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்கள் பிப்ரவரி கடைசியில் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. எனக்குப் பல குளிர்காலங்கள் பழகிவிட்டன. தனித்தனியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, பெரும்பாலும் ஆபத்தைப் பற்றிய பகுதிதான் விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். மாதங்கள் வட அரைக்கோளக் கணக்கு. ஆண்டிஸ், நியூசிலாந்து மலைகள் என்றால் ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்.

1. மார்ச் 20 தாண்டியாச்சு, காலண்டர்ல வசந்தம் வந்துடுச்சு. வெளியில இடுப்பளவு பனி கிடக்கே?

காலண்டர் சொல்வது சூரியனின் கணக்கு. மார்ச் 20 அல்லது 21-ல் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன, அதை வசந்தத்தின் தொடக்கம் என்கிறார்கள். வானிலை ஆய்வாளர்கள் கணக்கு வசதிக்காக மார்ச் 1-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். மலையில் இரண்டுமே செல்லாது. அங்கே உயரம்தான் காலண்டர். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது.

அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் நூறாண்டுக்கு முன் வட அமெரிக்காவை வைத்து ஒரு தோராய விதி சொன்னார். சுமார் 120 மீட்டர் உயரத்துக்கு வசந்தம் 4 நாள் தாமதமாகும். வடக்கே ஒரு டிகிரி அட்சரேகை போனாலும் அதே 4 நாள். அப்படிப் பார்த்தால், அடிவாரத்தில் மரம் பூத்த நாளிலிருந்து 1,000 மீட்டர் மேலே அதே மரம் பூக்க ஒரு மாதத்துக்குமேல் ஆகும். ஆகவே தேதியைப் பார்க்காதீர்கள். உங்களுக்குக் கீழே இருக்கும் சரிவைப் பாருங்கள். வசந்தம் அங்கிருந்துதான் ஏறி வரும்.

2. பனின்னா மார்கழி காலையில விழுறதுதானே? நீங்க சொல்றது வேற பனியா?

தமிழில் இந்த ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து உதிரும் வெண்துகளும் பனி. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று நாம் சொல்வது முதல் வகையை. இங்கே பனி என்று எழுதுவதெல்லாம் மேகத்தில் படிகமாகி விழுந்து, தரையில் மாதக்கணக்கில் கிடக்கும் வெண்பனி. கல்லாக உறைந்துபோனதைப் பனிக்கட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

3. நாலு நாளா நல்ல வெயில். ஆனா பனி ஒரு இஞ்ச்கூட இறங்கலையே, ஏன்?

புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். நாள்பட்டு, தூசி ஏறி, துகள் பருத்த பனி ஏறத்தாழ பாதியைத்தான் திருப்பும். அதனால் ஒரே வெயில், முந்தாநாள் விழுந்த பனியை ஒன்றும் செய்யாது, பழைய பனியைக் கரைத்துவிடும்.

ஆனால் முக்கியமான காரணம் உள்ளே இருக்கிறது. குளிர்காலத்தில் பனிப்படுகையின் மேற்பகுதி மைனஸ் 10, 15 டிகிரி என்று கிடக்கும். அடியிலிருந்து மேல்வரை முழுப் படுகையும் 0 டிகிரிக்கு வந்தால்தான் தண்ணீர் வெளியே வரும். அதுவரை, மேலே உருகும் நீர் உள்ளே இறங்கிக் குளிர்ந்த அடுக்கில் மறுபடி உறைகிறது. உறையும்போது அது விடும் வெப்பம் அந்த அடுக்கைச் சூடாக்குகிறது. பிறகு இன்னும் கொஞ்சம் நீர், இன்னும் கொஞ்சம் ஆழம். இதைப் பனி கனிவது என்று சொல்லலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும்.

கனிந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை 0 டிகிரித் தண்ணீராக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் அந்தத் தண்ணீரை 80 டிகிரிக்குச் சுடவைக்கப் போதும். உங்கள் நாலு நாள் வெயில் வீணாகவில்லை. அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

4. சரி, பனி கனிஞ்சுடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையுறையோடு ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் பொடியாக உதிர்ந்தால் இன்னும் குளிர்காலம். உருண்டையாகப் பிடித்தால் ஈரம் வந்துவிட்டது. விரல்களுக்கு நடுவே தண்ணீர் சொட்டினால் நன்றாகக் கனிந்துவிட்டது. உள்ளங்கையை விரித்துத் துகளையும் பாருங்கள். புதுப்பனியின் ஆறுமுனை இறகுகள் இருக்காது, கல்லுப்பு மாதிரி உருண்டு திரண்ட மணிகள் இருக்கும். பகலில் உருகி இரவில் உறைந்து, மறுநாளும் அதே மாதிரி நடந்து நடந்து அப்படி ஆகிறது.

காலையில் மேற்பரப்பு கல்போல இறுகி ஆளைத் தாங்கும். பதினொரு மணிக்கு மேல் அதே இடத்தில் முழங்கால்வரை புதையும். இந்தக் காலை மாலை வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 11-ம், 12-ம் கேள்விகளில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக இது திரும்ப வரும்.

5. சித்தி, மரத்தைச் சுத்தி மட்டும் வட்டமா பள்ளம் விழுந்திருக்கே, மரத்துக்குள்ள ஹீட்டர் இருக்கா?

கிட்டத்தட்ட அப்படித்தான், கண்ணா. பனி வெள்ளை, வெயிலைத் திருப்பிவிடும். மரத்தின் பட்டை கறுப்பு, வெயிலை வாங்கிக்கொள்ளும். சூடான பட்டை அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் பக்கத்துப் பனிமேல் வீசும். பனி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் திருப்புமே தவிர, இந்தக் கதிரை முழுதாக விழுங்கிவிடும். பாறை, வேலிக்கால், உதிர்ந்த ஒரு சருகு, எல்லாவற்றையும் சுற்றி இதே வட்டம் விழும். ஒரு சருகு தன் வடிவத்திலேயே பனிக்குள் இரண்டு அங்குலம் இறங்கியிருப்பதை நீங்களே பார்க்கலாம்.

பெரிய ஊசியிலை மரங்களின் அடிக்குழியில் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டாம். கீழ்க்கிளைகள் பனியைத் தடுப்பதால் குளிர்காலத்திலேயே அங்கே ஆழமான பள்ளம் இருக்கும், ஓரம் உள்ளே சரியும். பெரியவர்களே தலைகீழாக விழுந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

6. பனிமேல முட்டை அடுக்குற தட்டு மாதிரி குழிகுழியா இருக்கு, இது எதனால?

சிறு பள்ளத்துக்குள் விழும் வெயில் பக்கச்சுவரில் பட்டு மறுபடி அடியில் விழும். மேட்டைவிடப் பள்ளம் வேகமாகக் கரைய, பள்ளம் இன்னும் பள்ளமாகும். காற்று மிக வறண்டும் குளிர்ந்தும் இருக்கும் உயரங்களில் இது எல்லை கடந்து, ஆளுயரத்துக்கும் மேலே பனி ஈட்டிகளாக நிற்கும். ஆண்டிஸ் மலையில் இவை பிரபலம். சார்லஸ் டார்வின் 1835-ல் அந்த மலையைக் கடந்தபோது இவற்றைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

7. ஒரு நல்ல மழை பெஞ்சா பனியெல்லாம் கரைஞ்சிடும்தானே?

மழைத்தண்ணீரின் சூடு கரைப்பது மிகக் குறைவு. 3-ம் கேள்வியில் சொன்ன 334-ஐ வைத்தே கணக்குப் போடலாம். 10 டிகிரி சூட்டில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்தச் சூடு உருக்குவது ஒன்றேகால் மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமமான பனியை. அவ்வளவுதான்.

உண்மையில் கரைப்பது மழையோடு வரும் ஈரக்காற்று. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் முத்துமுத்தாக நீர் படிவதைப் போல, ஈரக்காற்றின் நீராவி பனிமேல் படிந்து தண்ணீராகும். ஒரு கிராம் நீராவி இப்படிப் படியும்போது விடும் வெப்பம் ஏழு கிராமுக்குமேல் பனியை உருக்கும். அதனால்தான் மேகமூட்டமான, காற்றடிக்கும் இரவில் பனி தடதடவென்று இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே கனிந்து நீர் கோத்து நிற்கும் பனிமேல் பெருமழை விழுந்தால், மழையும் உருகலும் சேர்ந்து ஆற்றுக்குப் போகும். மலையடிவாரங்களின் கடுமையான வெள்ளங்கள் பல இப்படி வந்தவை.

8. ராத்திரியோட ராத்திரியா பனி காணாம போயிடுச்சு, தண்ணியும் ஓடலை. எங்கதான் போச்சு?

காற்று தின்றுவிட்டது. மலைத்தொடரைத் தாண்டி வரும் காற்று, ஏறும் பக்கத்திலேயே தன் ஈரத்தை மழையாகவோ பனியாகவோ உதிர்த்துவிடும். மறுபக்கம் இறங்கும்போது 1,000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடாகும். கீழே வந்து சேரும்போது அது வெதுவெதுப்பான, எலும்பாய் உலர்ந்த காற்று. பனியின் ஒரு பகுதியை உருக்கும், ஒரு பகுதியைத் தண்ணீராக விடாமலேயே ஆவியாக்கிக் கொண்டுபோகும். ஆல்ப்ஸில் இதற்கு ஃபோன் (Föhn) என்று பெயர், ராக்கி மலையின் கிழக்கில் சினூக். 1943 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்திலுள்ள ஸ்பியர்ஃபிஷ் ஊரில் இப்படியொரு காற்று வந்து, இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை மைனஸ் 20-லிருந்து 7 டிகிரிக்கு ஏறியது.

இந்தக் காற்று வந்தால் வசந்தம் வந்ததாக அர்த்தமில்லை. அது ஜனவரியிலும் வரும், போன பிறகு பழைய குளிர் திரும்பும்.

9. எதிர்மலையில ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் முழுக்க வெள்ளை. ஒரே மலைதானே?

தெற்கு பார்த்த சரிவில் வெயில் நேராக விழும், வடக்கு பார்த்ததில் சாய்ந்து விழும் அல்லது விழவே விழாது. தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். ஒரே உயரத்தில் இரண்டு சரிவுகளுக்கும் இடையே பல வாரம் வித்தியாசம் வரும். நடைக்குக் கிளம்பும்போது போகும் பாதை எந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது என்று பார்க்காமல், ‘பனி போயிடுச்சாம்’ என்று யாரோ சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

10. ஒரு மீட்டர் பனி உருகினா ஒரு மீட்டர் தண்ணி கிடைக்குமா?

கிடைக்காது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு மீட்டர் புதுப்பனியில் சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும், பொடிப்பனியென்றால் அதைவிடக் குறைவு. அமுங்கிக் கனிந்த வசந்தகாலப் பனியில் 40 முதல் 50 சென்டிமீட்டர்வரை இருக்கும். பனியின் உயரம் குறைகிறதே என்று பார்த்துத் தண்ணீர் போய்விட்டதாக நினைக்க வேண்டாம், அது நெருங்கி உட்கார்ந்திருக்கிறது.

உயரத்தை அளந்தால் போதாது, எடை பார்க்க வேண்டும் என்று செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகள் கற்பித்த பேராசிரியர். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலைமேல் ஏறி, நீண்ட உலோகக் குழாயைப் பனியில் தரைவரை செருகி, உள்ளே மாட்டிய பனித்தண்டை எடை போட்டார். கோடையில் ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்பதை வசந்தத்திலேயே சொல்ல அது வழிவிட்டது. அதே வகைக் குழாய்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களின் தண்ணீர், பனியிலிருந்தும் பனியாறுகளிலிருந்தும் உருகி வருவதைச் சார்ந்திருக்கிறது. மலைப்பனி என்பது குளிர்காலம் நிரப்பி, கோடையில் திறந்துவிடும் ஏரி.

11. காலையில கல்லு மேல கால் வச்சுத் தாண்டின ஓடை, சாயங்காலம் ஆறு மாதிரி ஓடுது. மழையே பெய்யலையே?

வெயில்தான் மழை. நண்பகலில் உருகும் நீர் பனிக்குள் கசிந்து, மண்ணைத் தொட்டு, ஓடைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் மாலையிலோ முன்னிரவிலோ ஓடை உச்சத்துக்குப் போகும். விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். நீர்ப்பிடிப்புப் பகுதி பெரிதானால் இந்த உச்சம் இன்னும் பின்னால் தள்ளிப்போகும்.

என் இரண்டாவது வசந்தத்தில் இதை அறியாமல் போனோம். காலை ஏழு மணிக்கு ஷூ நனையாமல் தாண்டிய ஓடை, மாலை ஐந்துக்குத் திரும்பும்போது தொடையளவு, பழுப்பு நிறம், அடியில் கல் உருளும் சத்தம் ‘டொக் டொக்’ என்று கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் இறங்கவே கூடாது. நாங்கள் பாலம் இருந்த இடம்வரை நாலு மணி நேரம் இருட்டில் நடந்தோம். திரும்பும் வழியில் ஓடை இருந்தால், திரும்பும் நேரத்தின் ஓடையை நினைத்துக் கிளம்புங்கள். வழி இல்லையென்றால் விடியும்வரை காத்திருப்பது அவமானமில்லை.

12. பனிச்சரிவெல்லாம் ஜனவரியோட முடிஞ்சுடும், ஏப்ரல்ல பயமில்லைன்னு சொன்னாங்களே?

சொன்னவர் தவறாகச் சொன்னார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

குளிர்காலச் சரிவு வேறு வகை, வசந்தச் சரிவு வேறு வகை. வசந்தத்தில் உருகிய நீர் பனிக்குள் இறங்கி, துகள்களைப் பிணைத்திருந்த கட்டுகளை அவிழ்த்துவிடுகிறது. ஏதாவது ஒரு கெட்டி அடுக்கின்மேல் அந்த நீர் தேங்கினால், மேலே இருப்பதெல்லாம் எண்ணெய் தடவிய பலகைமேல் வைத்த மாதிரி ஆகிவிடும். சில புல்சரிவுகளிலும் வழுக்குப் பாறைகளிலும் முழுப் படுகையே தரையை விட்டு நழுவும். அதற்கு முன் பனியில் வளைந்த பெரிய பிளவு ஒன்று வாய் திறந்து தெரியும். அந்தப் பிளவுக்குக் கீழே நிற்காதீர்கள். ஈரப்பனிச் சரிவு உலர்பனியைவிட மெதுவாக வரும், ஆனால் கனமானது, நின்றவுடன் இறுகிவிடும். ஓர் அடுக்கு முழுதாகப் பலகைபோலப் பெயர்ந்து வருவதைப் பலகைச் சரிவு என்பார்கள், அவற்றில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. நடக்கவும் சறுக்கவும் மனம் இழுக்கும் சாய்வும் அதுதான்.

கவனிக்க வேண்டியது முந்தைய இரவை. வானம் தெளிந்து, நன்றாக உறைந்த இரவு என்றால் காலை சில மணி நேரம் பனி கட்டுப்பட்டு நிற்கும். மேகம் மூடி, உறையாமல் போன இரவு என்றால் காலையிலேயே ஆபத்து. 4-ம் கேள்வியில் சொன்ன மாதிரி கால் முழங்கால்வரை புதையத் தொடங்கினால், அல்லது சரிவிலிருந்து பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தால், உடனே திரும்புங்கள். மலைமுகட்டில் கூரை நீட்டியது போலத் தொங்கும் பனியின் கீழும் போகக் கூடாது, மேலும் போகக் கூடாது. அது நாம் நினைப்பதற்கு இன்னும் பின்னாலிருந்து உடையும். அந்தப் பகுதியின் பனிச்சரிவு அறிவிப்பு இருந்தால் கிளம்புமுன் அதைப் படிப்பது முதல் வேலை.

13. ஏரியில பனிக்கட்டி இன்னும் ரெண்டு அடி கனம் இருக்கு. நடக்கலாம்ல?

வேண்டாம். வசந்தத்தில் கனம் ஒரு அளவுகோலே இல்லை. வெயில் பனிக்கட்டிக்குள் ஊடுருவி, படிகங்கள் ஒட்டியிருக்கும் விளிம்புகளை முதலில் கரைக்கிறது. இரண்டடி கனம் அப்படியே இருக்கும், ஆனால் அது செங்குத்தாக அடுக்கிய மெழுகுவத்திக் கட்டு மாதிரி ஆகியிருக்கும். மிதித்தால் தனித்தனியாகப் பிரியும். கடைசி நாளில் காற்றடிக்கும்போது அந்தக் குச்சிகள் ஒன்றோடொன்று மோதிக் கண்ணாடி வளையல் குலுங்குவது போல ஒலிக்கும். கரையிலிருந்து கேட்க வேண்டிய ஒலி அது.

14. குளிருதே, வெயில் சுடவே இல்லை. எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?

சுடுவது வேறு, புற ஊதாக்கதிர் வேறு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை கீழிருந்து திருப்பி அடிக்கும். தொப்பி மட்டும் போட்டால் மோவாயின் அடியும் மூக்குத்துவாரமும் வெந்துபோகும். கண்ணில் பட்டது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, இரவில், கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி வலிக்கும், திறக்க முடியாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும், ஆனால் மருத்துவரிடம் காட்டுங்கள். மேகமூட்டமான நாளிலும் கண்ணாடி வேண்டும்.

15. பனியில ரத்தம் தெளிச்ச மாதிரி சிவப்பு, இன்னொரு இடத்துல மிளகுத்தூள் போட்ட மாதிரி கறுப்பு, அந்தத் தூள் வேற குதிக்குது. என்னது இதெல்லாம்?

சிவப்பு ஒரு பாசி. அடிப்படையில் பச்சைப்பாசி வகை. கடும் வெயிலிலிருந்து தன்னைக் காக்க, சால்மன் மீனின் சதைக்கு நிறம் தரும் அதே சிவப்பு நிறமியை உடம்பில் நிரப்பிக்கொள்கிறது. பனி உருகித் துகளிடையே நீர் பரவியதும், அடியில் உறங்கிய செல்கள் அந்த நீரில் நீந்தி மேலே வருகின்றன. சிவந்த பனி வெயிலை அதிகம் வாங்குவதால் இன்னும் வேகமாகக் கரையும்.

குதிக்கும் மிளகு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள சிற்றுயிர். வயிற்றின் அடியில் மடக்கிவைத்த கவை ஒன்றை விசைபோல விடுவித்துத் துள்ளும். உறையாமல் காக்கும் புரதம் உடம்பில் இருக்கிறது. மரத்தடிச் சருகில் வாழ்வது, இதமான நாளில் பனியின் இடுக்கு வழியே மேலேறி வருகிறது. கடிக்காது. உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள், அடியில் இவ்வளவு நாள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு வெளியே வந்த முதல் சாட்சி அது.

16. அக்கா, பனியைத் துளைச்சுக்கிட்டு பூ வருதே, அதுக்குக் குளிராதா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. அந்தப் பூ இன்று முளைத்ததல்ல. போன கோடையிலும் இலையுதிர்காலத்திலுமே மொட்டைத் தயாராக்கி, தண்டைச் சுருட்டி, கிழங்கிலோ வேரிலோ சத்தைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் செடி பனிக்குள் போனது. ஆழமான பனி அதற்குப் போர்வை. வெளியே மைனஸ் 20 என்றாலும், ஒரு மீட்டர் பனிக்கடியில் மண் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். பனி மெலிந்து ஓரிரு சாண் ஆகும்போது வெளிச்சம் உள்ளே இறங்கும். செடி அப்போதே விழித்துவிடுகிறது.

ஆல்ப்ஸில் சோல்டனெல்லா என்றொரு செடி. காசு வடிவ இலை, ஓரம் கிழித்துவிட்டது போன்ற ஊதா மணிப்பூ. அதன் கருந்தண்டும் மொட்டும் பனியூடே வரும் வெளிச்சத்தை வாங்கிச் சூடாகித் தம்மைச் சுற்றிப் பனியைக் கரைக்கும். ஒரு விரல் நுழையும் துளை, துளையின் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பு, நடுவே ஈரத்தோடு ஒரு மணி தலைகுனிந்து நிற்கும். முழந்தாளிட்டுப் பார்த்தால் தெரியும். குரோக்கஸ், ஸ்னோடிராப் போன்றவையும் பனி ஓரத்தை விட்டு ஒரு முழம்கூடத் தள்ளி நிற்காமல் பூக்கும். மலை உச்சியில் வளரும் காலம் சில வாரம்தான், காத்திருந்தால் விதை பழுக்காது. தயவுசெய்து பறிக்காதீர்கள், பனி ஓரத்தில் மிதித்தும் நடக்காதீர்கள். அடுத்த வாரப் பூ உங்கள் காலுக்கடியில் இருக்கிறது.

17. பனி போன புல்வெளியில வளைஞ்சு வளைஞ்சு மண்ணும் புல்லுமா கோடு கிடக்கே, யார் போட்டது?

வயலெலி வகைகளும் மண் தோண்டும் சில கொறிணிகளும். பனிக்கும் மண்ணுக்கும் நடுவே சில அங்குல இடைவெளி உண்டாகும். முன் பதிலில் சொன்ன 0 டிகிரிப் போர்வைக்குள், அங்கே குளிர்காலம் முழுக்க எலிகள் ஓடியாடி, தின்று, குட்டிகூடப் போடுகின்றன. பனி போனதும் அவற்றின் தெருக்களும் புல் உருண்டைக் கூடுகளும் அப்படியே வெளிப்படும். கூடவே புல்மேல் சாம்பல் நிறத்தில் சிலந்திவலை போலப் படிந்திருப்பது ஒரு பூஞ்சை, அதுவும் பனிக்கடியில் வளர்ந்ததே. காற்றுப் பட்டால் காய்ந்துவிடும்.

18. தூங்குற பிராணிக்கு வசந்தம் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?

மர்மோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பூனையளவு பருத்த மலையணில் இனம். வளைக்குள் அதன் உடல் வெப்பம் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், இதயம் நிமிடத்துக்குச் சில முறைதான் துடிக்கும். உடம்புக்குள்ளேயே ஓடும் ஆண்டுக் கடிகாரம் ஒன்றும், மண் வழியே வரும் வெப்பமும் சேர்ந்து எழுப்புகின்றன. பல நேரம் பனி மிச்சமிருக்கும்போதே துளை போட்டு வெளியே வந்து நிற்கும்.

இந்தக் கடிகாரம் மலையோடு ஒத்துப்போகாமலும் போகலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோத்திக் என்ற இடத்திலுள்ள ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இதைப் பல பத்தாண்டுகளாகக் குறித்துவருகிறது. 1976-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே மர்மோட்டுகள் வெளிவருவது 38 நாள் முந்திவிட்டது. வசந்தக் காற்று இதமானது, ஆனால் பனி உருகி முடியும் தேதி அவ்வாறு முந்தவில்லை. வெளியே வந்தால் தின்னப் புல் இல்லை. வெள்ளை ரோமத்தைப் பழுப்பாக மாற்றும் முயல்களுக்கு வேறு சிக்கல். அவை பகல் நீளத்தைப் பார்த்து நிறம் மாற்றுகின்றன, பனி முன்னமே போய்விட்டால் பழுப்பு மண்ணில் வெள்ளைப் புள்ளியாக, வேட்டை விலங்கின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருக்கும்.

19. மரமெல்லாம் பூத்தாச்சு, மே மாசம் ஒரே ராத்திரியில கருகிடுச்சு. மேட்டுத் தோட்டம் தப்பிச்சது, எங்க பள்ளத்துத் தோட்டம் போச்சு. ஏன் தலைகீழா?

1-ம் கேள்வியில் உயரே போனால் குளிர் என்றேன். காற்றில்லாத தெளிந்த இரவில் அது மாறிவிடும். தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நடுச்சரிவு வெதுவெதுப்பாகவே இருக்கும். அடர்ந்த வேலியோ சுவரோ சரிவுக்குக் குறுக்கே இருந்தால் அதன் மேல்பக்கத்திலும் இப்படித் தேங்கும்.

பூத்த மரத்தைக் குறை சொல்ல முடியாது. அது இரண்டு கணக்குப் பார்க்கிறது. முதலில் போதுமான குளிரை வாங்கியாக வேண்டும், பல ஆப்பிள் வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே 1,000 மணி நேரம் அளவுக்கு. அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் வெப்பத்தைக் கூட்டத் தொடங்கும். மார்ச்சிலேயே வெப்பம் கூடிவிட்டால் முன்னமே பூத்து, வழக்கமான தேதியில் வரும் உறைபனியில் மாட்டிக்கொள்கிறது. பள்ளத்தில் நடுவதானால் தாமதமாகப் பூக்கும் வகையாகப் பாருங்கள்.

20. இந்தச் சேறு எப்போ போகும்?

மேல்மண் இளகியிருக்கும், அரையடிக்குக் கீழே இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் இறங்க வழியில்லை, அதனால் குழைகிறது. அடிவரை இளகியதும் ஓரிரு வாரத்தில் போய்விடும். அதுவரை பாதையின் நடுவிலேயே நடங்கள், ஓரமாக ஒதுங்கினால் பாதை அகன்று செடிகள் சாகும். ஒரு ஆறுதல் உண்டு. இந்த நாட்களில் எழும் மண்வாசனை, முதல் மழையில் நாம் அறிந்த அதே வாசனைதான், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. குளிர்காலம் முழுக்க வாசனையே இல்லாமல் இருந்த மூக்குக்கு அது முதலில் தாங்கமுடியாத அளவுக்கு இருக்கும்.

21. இப்பல்லாம் வசந்தம் சீக்கிரமே வந்துடுது, நல்லதுதானே?

சீக்கிரம் வருகிறது என்பது உண்மை. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் முழுதாகப் பூத்த தேதிகள் கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. 2021-ல் அது மார்ச் 26, அதுவரையிலான பதிவுகளில் எல்லாவற்றையும்விட முந்தியது. மலைகளில் வெப்பம் மட்டும் காரணமல்ல. காற்றில் வரும் பாலைத் தூசியும் கரியும் பனிமேல் படிந்தால், 3-ம் கேள்வியில் சொன்ன திருப்பி அனுப்பும் திறன் குறைந்து, உருகல் வாரக்கணக்கில் முந்திவிடும்.

நல்லதா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 10-ம் கேள்வியின் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் திறக்க வேண்டிய நீர் ஏப்ரலிலேயே ஓடிவிட்டால், வயலுக்கு வேண்டிய நேரத்தில் ஆறு மெலிந்துபோகும். மண் முன்னமே காய்ந்து, காட்டுத்தீக் காலம் நீளும். பனிக்குப் பதிலாக மழையாக விழுவதும் கூடுகிறது, அந்த நீர் சேமிப்பாகவே சேராது.

22. எல்லாம் சரி, உங்களைக் கேட்டா எந்த நாளை வசந்தத்தோட முதல் நாள்னு சொல்வீங்க?

பூ வந்த நாளையோ பனி போன நாளையோ சொல்ல மாட்டேன். எங்கள் நடைபாதையில் ஒரு சரிவு இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிற்றோடை, நவம்பரில் மூடிக்கொண்டால் பிறகு எங்கே இருந்தது என்றே தெரியாது. மார்ச் பிறந்ததும் தினமும் அந்த இடத்தில் நின்று, தொப்பியைக் காதுக்குமேல் தூக்கிக்கொண்டு கேட்பேன். பல நாள் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு மதியம், ஒரு மீட்டர் பனிக்குக் கீழே, யாரோ பக்கத்து அறையில் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவது போல ஒரு சத்தம். மேலே எல்லாம் வெள்ளை, ஒரு காலடித்தடம்கூட இருக்காது. அந்த நாளைத்தான் நோட்டில் குறித்துவைக்கிறேன்.